320 என்னும் எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

"வேலை முக்காலே மூணு வீசம் முடிந்துவிட்டது" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். அதையே எண்ணால் எழுதிக் காட்டச் சொன்னால் பலரும் சற்றுத் தயங்குவார்கள். முக்கால் என்பது 3/4, வீசம் என்பது 1/16, மூன்று வீசம் என்பது 3/16. ஆக, முடிந்த வேலை 15/16, மிச்சமிருப்பது ஒரே ஒரு வீசம். இந்தக் கால், வீசம், மா, காணி எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது முந்திரி என்னும் பின்னம். அதன் மதிப்பு 1/320. ஆகவே பழந்தமிழ்ப் பின்னங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, 320 என்னும் எண்ணைக் கையில் எடுத்து அதன் இயல்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான்.

பள்ளிக் கணக்கு தெரிந்திருந்தும், ஒரே ஓர் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு அமர்ந்து பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு மணி நேரம் ஆகியவை போதும். கால்குலேட்டரைக் கடைசிப் படி வரை தொட வேண்டாம். அது விடையைக் கொடுத்துவிடும், விடை வந்த வழியைக் காட்டாது.

முதல் படி: பாதியாக்கிக்கொண்டே போதல்

320-ஐ நோட்டின் மேற்புறத்தில் எழுதி, அதன் பாதியை அதற்குக் கீழே எழுதுங்கள். அதன் பாதியை அதற்கும் கீழே எழுதுங்கள். 320, 160, 80, 40, 20, 10, 5 என்று இறங்கி, ஐந்தில் வந்து நின்றுவிடும். ஆறு முறை பாதியாக்க முடிந்தது, மிஞ்சியது ஐந்து; எனவே 320 = 2⁶ × 5. பகாக் காரணிகளாகப் பிரிப்பது என்று பாடநூல் சொல்லும் வேலை இதோடு முடிந்தது. இந்த ஒரு வரியைச் சுற்றிக் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

இரண்டாம் படி: காரணிகளை இரண்டு வரிசையில் எழுதுதல்

ஐந்தைத் தொடாத காரணிகளை ஒரு வரிசையாக எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64. அவை ஒவ்வொன்றையும் ஐந்தால் பெருக்கி இரண்டாம் வரிசையாக எழுதுங்கள்: 5, 10, 20, 40, 80, 160, 320. ஆகமொத்தம் 14 காரணிகள். முதல் வரிசையை இடமிருந்தும் இரண்டாம் வரிசையை வலமிருந்தும் படித்தால் 1 × 320, 2 × 160, 4 × 80 என்று ஒவ்வொரு இணையின் பெருக்கமும் 320 ஆவதைக் காணலாம். ஏதேனும் ஓர் இணை பிசகினால் எழுதும்போது எங்கோ தவறிவிட்டது என்று பொருள். முதல் வரிசையின் கூட்டுத்தொகை 127, இரண்டாம் வரிசையின் கூட்டுத்தொகை அதன் ஐந்து மடங்கான 635, இரண்டும் சேர்ந்து 762. இதிலிருந்து 320-ஐக் கழித்தால் மிஞ்சும் 442, 320-ஐ விடப் பெரியது என்பதால் இது மிகை எண் வகையைச் சேர்ந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காரணிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் 320 ஒன்றும் பெரிய எண் அல்ல. அதைவிடச் சிறியதான 240-க்கு 20 காரணிகள் உண்டு. சற்றே பெரியதான 360-க்கு 24 உண்டு. அப்படியிருக்க, பின்னக் கணக்குக்கு ஏன் 320? 360-ஐப் பாதியாக்கிப் பாருங்கள்: 180, 90, 45, மூன்றே படிகளில் நின்றுவிடுகிறது. 320 ஆறு படிகள் இறங்குகிறது. நெல்லையும் எண்ணெயையும் பங்கு போடும் கைக்கு, மூன்றாகப் பிரிப்பதைவிடப் பாதியாக்கிப் பாதியாக்கிப் பிரிப்பது எளிது. அந்தப் பாதிகளோடு இருபதில் ஒன்று என்னும் மா கணக்கையும் ஒட்டவைக்க ஓர் ஐந்து தேவைப்பட்டது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: காரணிகளுக்குப் பெயர் சூட்டுதல்

இப்போது 320 முந்திரி சேர்ந்தால் ஒன்று என்று வைத்துக்கொண்டு, எத்தனை முந்திரி எந்தப் பெயரைப் பெறுகிறது என்று எழுதுங்கள். 1 முந்திரி முந்திரியே. 2 முந்திரி அரைக்காணி, அதாவது 1/160. 4 முந்திரி காணி, 1/80. 8 முந்திரி அரைமா, 1/40. 16 முந்திரி மா, 1/20. 20 முந்திரி மாகாணி அல்லது வீசம், 1/16. 32 முந்திரி இருமா, 40 முந்திரி அரைக்கால், 64 முந்திரி நாலுமா. 80 கால், 160 அரை, 240 முக்கால்.

பதினாறில் ஒன்றும் இருபதில் ஒன்றும் ஒரே கணக்கில் முழுதாக வர வேண்டுமானால் 16, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு தேவை, அது 80. அந்த எண்பதில் ஒன்றுதான் காணி. காணியை இரண்டு முறை பாதியாக்கினால் முந்திரி. 320 பிறந்த வழி இவ்வளவுதான்.

இந்த முந்திரிக்கும் தின்னும் முந்திரிக்கும் தொடர்பு தேடி அலைய வேண்டாம். முந்திரிக் கொட்டை பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டிலேயே 'முந்திரிகை' என்னும் பின்னம் இருக்கிறது. அதற்கான குறியைக் கணினியில் எழுத விரும்புவோருக்கு ஒரு செய்தி: 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிக்கோடு 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளும் அடங்கிய தனித் தொகுதி சேர்க்கப்பட்டது; அந்தத் தொகுதியின் முதல் இடம் 1/320-க்கு உரியது. ஏற்ற எழுத்துரு இல்லாத கைபேசியில் அது வெறும் கட்டமாகத்தான் தெரியும்.

நான்காம் படி: பெயர்களைக் கூட்டலா பெருக்கலா என்று பிரித்தறிதல்

புதிதாகக் கற்பவர் சறுக்குகிற இடம் இது, நானும் சறுக்கியிருக்கிறேன். முதன்முதலில் மாகாணி என்ற சொல்லைப் பார்த்தபோது, அரைக்காணி என்பது அரை பெருக்கல் காணியாக இருப்பதுபோல மாகாணியும் மா பெருக்கல் காணியாக இருக்கும் என்று எண்ணி, 1/20 × 1/80 = 1/1600 என்று ஒரு பக்கம் முழுவதும் கணக்குப் போட்டுவைத்தேன். விடைகள் எதுவும் பொருந்தாமல் போன பிறகுதான், மாகாணி என்பது மாவும் காணியும் என்று உறைத்தது. 1/20 + 1/80 என்பது 5/80, அதாவது 1/16. முந்திரியில் சொன்னால் 16 + 4 = 20. பெயரே கணக்காக இருக்கிறது. நாம்தான் அதைப் பெயராக மட்டும் படித்துப் பழகிவிட்டோம்.

நினைவில் கொள்ள வேண்டிய விதி எளியது. அரை, முக்கால், இரண்டு, மூன்று, நான்கு போன்ற எண்ணிக்கைச் சொல் முன்னால் வந்து மா, காணி, கால், வீசம் போன்ற அளவுப் பெயரோடு ஒட்டினால் பெருக்கல்: அரைமா, இருமா, மும்மா, நாலுமா, அரைக்கால், முக்காணி. முக்காணியில் வரும் 'முக்' மூன்றைக் குறிக்கிறது, முக்காலை அல்ல. ஆகவே அது 3/80. இரண்டு அளவுப் பெயர்கள் பெரியது முன்னும் சிறியது பின்னுமாக அடுத்தடுத்து நின்றால் கூட்டல். இடையில் ஏகாரம் வந்துவிட்டால் ஐயமே வேண்டாம், அது கூட்டல்தான்: 'அரையே அரைக்கால்' என்பது 5/8, 'முக்காலே மூணு வீசம்' என்பது 15/16.

ஐந்தாம் படி: எந்தப் பின்னத்தையும் பெயராக மாற்றுதல்

320-இன் இயல்புகளில் என்னை மிகவும் கவர்ந்தது இது. ஒரு கால் என்பது ஐந்து மா. ஒரு மா என்பது நான்கு காணி. ஒரு காணி என்பது நான்கு முந்திரி. நான்கு கால் சேர்ந்தால் ஒன்று. ஆகவே 320 = 4 × 5 × 4 × 4. இதன் விளைவு என்னவென்றால், ஒன்று முதல் 319 வரை எத்தனை முந்திரியைக் கொடுத்தாலும், அதில் எத்தனை கால், மிச்சத்தில் எத்தனை மா, அதன் மிச்சத்தில் எத்தனை காணி, கடைசியில் எத்தனை முந்திரி என்று ஒரே ஒரு விதமாகத்தான் பிரித்து எழுத முடியும். நாழிகையும் விநாழிகையும் போல, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி எல்லை வைத்த இடமதிப்பு முறை இது. கால் இடத்துக்கு மூன்று பெயர்கள், மா இடத்துக்கு நான்கு (மா, இருமா, மும்மா, நாலுமா), காணி இடத்துக்கு மூன்று (காணி, அரைமா, முக்காணி), முந்திரி இடத்துக்கு மூன்று (முந்திரி, அரைக்காணி, அரைக்காணி முந்திரி) என்று பதின்மூன்று பெயர்களைக் கொண்டு 319 பின்னங்களையும் சொல்லிவிடலாம்.

ஒரு கணக்கைக் கையால் செய்து பார்ப்போம். 237/320 என்னும் பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 237-க்குள் 80 இரண்டு முறை அடங்கும், அது அரை, மிச்சம் 77. அதற்குள் 16 நான்கு முறை அடங்கும், அது நாலுமா, மிச்சம் 13. அதற்குள் 4 மூன்று முறை அடங்கும், அது முக்காணி. மிச்சம் 1, அது முந்திரி. ஆகவே விடை 'அரையே நாலுமா முக்காணி முந்திரி'. திருப்பிச் சரிபார்க்க 160 + 64 + 12 + 1 என்று கூட்டினால் 237 வந்துவிடும்.

இனிக் கூட்டல். அரைக்காலையும் நாலுமாவையும் அரைமாவையும் சேர்க்க வேண்டுமென்றால், 1/8, 1/5, 1/40 என்று எழுதிக்கொண்டு பொதுப் பகுதி தேட வேண்டியதில்லை. 40 + 64 + 8 = 112 முந்திரி; அதில் 80 கால், மிச்சம் 32 இருமா; விடை 'காலே இருமா'. பின்னத்தில் அது 7/20. பகுதியைச் சமமாக்கும் வேலையை 320 ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதால் நமக்கு மிஞ்சுவது முழு எண் கூட்டல் மட்டுமே. தொடக்கத்தில் வந்த முக்காலே மூணு வீசத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். 300 முந்திரி, முக்காலே மும்மா முக்காணி என்று வர வேண்டும்.

ஆறாம் படி: தசமத்தில் எழுதுதல்

1/320 = 0.003125. ஆறு தசம இடங்களோடு முடிந்துவிடுகிறது. ஆறு இடம் என்பது 2⁶-இல் உள்ள ஆறேதான். பத்து இலட்சம் என்பது 2⁶ × 5⁶. அதில் 320-இன் 2⁶ × 5-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 5⁵, அதாவது 3125. வகுத்துப் பார்க்காமலேயே விடை தெரிந்துவிடும் இடம் என்பதால் இதை ஒரு முறையாவது எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: அடங்காதவற்றைக் கண்டறிதல்

320-இல் மூன்றும் இல்லை, ஏழும் இல்லை. மூன்றில் ஒன்றை இந்த முறையில் எழுத முயன்றால் 320/3 = 106⅔ முந்திரி என்று வரும். 106 என்பது காலே மா அரைமா அரைக்காணி. ஆனால் மிஞ்சுகிற ⅔ முந்திரியை என்ன செய்வது? அதற்குத்தான் 'கீழ்' என்னும் சொல் இருக்கிறது. ஒரு முந்திரியையே ஒன்றாகக் கொண்டு மறுபடியும் 320 கூறாக்கு என்பது அதன் பொருள்; கீழ்முந்திரி என்பது 1/320 × 1/320, அதாவது 1/1,02,400. அப்படிச் செய்தால் ⅔ × 320 = 213⅓; 213 என்பது அரையே மும்மா காணி முந்திரி. இப்போது மிச்சம் ⅓. அது நாம் தொடங்கிய அதே பின்னம்! எனவே அடுத்த கீழில் மறுபடி 106, அதற்கடுத்து 213 என்று இந்த இரண்டு எண்களும் முடிவில்லாமல் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். தசமத்தில் 0.333... என்று ஒரே இலக்கம் தொடர்வதுபோல, இங்கே இரண்டு 'இலக்கங்கள்' தொடர்கின்றன.

பழைய வாய்பாடுகளை ஆக்கியவர்களும் இந்தக் குறையை உணர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. பரவலாக அச்சில் காணப்படும் பட்டியலில் கீழ்முந்திரிக்கு அடுத்து வரும் இம்மியின் மதிப்பு 1/10,75,200. இந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2¹¹ × 3 × 5² × 7 என்று வரும். 320-இல் இல்லாத மூன்றும் ஏழும் இங்கே நுழைந்துவிட்டன. இம்மியில் எண்ணினால் மூன்றில் ஒன்று 3,58,400. ஏழில் ஒன்று 1,53,600. இரண்டும் முழு எண்கள். அதற்கும் அடுத்த மும்மி 1/2,36,54,400. அது இம்மியை 22 ஆகக் கூறிட்டது, ஆகவே பதினொன்றும் உள்ளே வந்துவிட்டது. 'இம்மியளவும்' என்று பேச்சில் நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

எட்டாம் படி: எண்ணின் தனிக் குணங்கள்

பின்னத்தை ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால், 320 = 8² + 16². இதுவும் தற்செயல் அல்ல; 5 = 1² + 2² என்பதை 64-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத இந்த ஒரு வழி தவிர வேறு வழி இல்லை. 16² என்பதே 2⁸ என்பதால், 320 = 2⁸ + 8² என்றும் எழுதலாம்; ஓர் எண்ணை மற்றதன் அடுக்காகவும் மற்றதை முதலாவதன் அடுக்காகவும் மாற்றிப் போட்டுக் கூட்டினால் வரும் இவ்வகை எண்களுக்கு லேலண்டு எண்கள் என்று பெயர். இலக்கங்களின் கூடுதலான (3 + 2 + 0) 5-ஆல் மீதியின்றி வகுபடுவதால், நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் பெயர் சூட்டிய ஹர்ஷத் எண்களிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் இந்தக் கடைசிக் குணம் நாம் பத்தை அடியாகக் கொண்டு எழுதுவதால் மட்டுமே வருவது; மற்றவற்றோடு சேர்த்து அதை எடைபோட வேண்டாம்.

320-ஐத் தேர்ந்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். பழைய எகிப்தில் தானியம் அளக்கப் பயன்பட்ட ஹெகத் என்னும் அளவை அரை, கால், அரைக்கால் என்று 64 வரை பாதியாக்கி, அந்த 1/64-ஐ ஐந்தாகப் பிரித்து ரோ என்று பெயரிட்டார்கள். ஆக, ஒரு ஹெகத்துக்கு 320 ரோ. ஆங்கிலேயரின் மைலும் எட்டு ஃபர்லாங், ஒரு ஃபர்லாங்குக்கு நாற்பது ராடு என்று 320 ராடாகத்தான் பிரிகிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பல முறை பாதியாக்கவும் ஒரு முறை ஐந்தாக்கவும் விரும்புகிற எவரும் வந்து சேரக்கூடிய எண்களில் இது ஒன்று.

ஒன்பதாம் படி: கால்குலேட்டரை எடுக்கலாம்

முதலாம் இராசராசன் காலத்து நில அளவைப் பற்றி எழுதும் வரலாற்று நூல்களில், ஒரு வேலியில் 1/52,42,88,00,000 பங்கு நிலம் வரை கணக்கிட்டு வரி விதித்தார்கள் என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். வியப்புக் குறியோடு நின்றுவிடுகிற செய்தி அது. நீங்கள் அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்.

தஞ்சைப் பகுதியில் பிற்காலத்தில் வழங்கிய வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். ஓர் எறும்பின் காலடிக்கு வேண்டுமானால் அது போதும். வயலில் கோல் பிடித்து இதை எவரும் அளந்திருக்க முடியாது. நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் முந்திரி வரை அளந்து பெருக்கினாலே விடை கீழ்முந்திரிக்கு இறங்கிவிடும். அதைத் தரத்துக்கேற்ற இன்னொரு பின்னத்தால் பெருக்கினால் இன்னொரு கீழ் சேரும். தோராயமாக வெட்டிவிடாமல் வந்த மிச்சத்தை வந்தபடியே எழுதியதன் விளைவாகத்தான் இந்தச் சிறு பின்னம் தோன்றியிருக்கும் என்று நான் கருதுகிறேன்; அப்படியானால் இது கோலின் நுட்பமல்ல, கணக்கரின் பிடிவாதம்.

அதற்கான சான்று எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 52,42,88,00,000-ஐ 320-ஆல் வகுங்கள்: 16,38,40,000. மறுபடி வகுங்கள்: 5,12,000. மறுபடி: 1,600. நான்கு முறை கீழ் இறங்க வேண்டும் என்பதால் இன்னும் ஒரு முறை வகுங்கள்: 5. ஐந்தில் ஒன்றுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, அது நாலுமா. ஆகவே அந்தப் பயங்கரமான பின்னத்தைச் சொல்ல வேண்டுமானால் 'கீழ்' என்று நான்கு முறை சொல்லி 'நாலுமா' என்று முடித்தால் போதும்.